வெட்டிக் கொடுத்த வட்டு: திரைப்பட வாடகைப் பதிப்புகளும் பார்வையாளரின் மனக்குறையும்

2009 மார்ச் 31 அன்று 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்புதான் அந்தப் படம் எட்டு ஆஸ்கர் விருதுகளை வாங்கியிருந்தது. அதில் இசைக்காகவும் பாடலுக்காகவும் ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறினார். முதல் நாளே காசு கொடுத்து வட்டை வாங்கிப் போனவர்களில் பலர், வீட்டில் போட்டுப் பார்த்ததும் திகைத்தார்கள். உறையில் அச்சிட்டிருந்த இயக்குநர் வர்ணனையைக் காணோம், நீக்கப்பட்ட காட்சிகளையும் காணோம். வட்டில் படம் மட்டுமே இருந்தது. வாடகைக் கடைகளுக்கென்று தனியாகத் தயாரித்த வட்டுகள் தவறுதலாக விற்பனை உறைகளுக்குள் போய்விட்டன. வெளியிட்ட ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது.

வாடகைக்கென்றே உள்ளடக்கத்தைக் குறைத்து ஒரு வட்டு தயாராகிறது என்பது பல பார்வையாளர்களுக்கு அந்தத் தவறால்தான் தெரியவந்தது. ஒரே படம், ஒரே நாளில் வெளியீடு, ஆனால் இரண்டு வட்டுகள். வாங்குபவருக்கு முழுமையானது, வாடகைக்கு எடுப்பவருக்கு வெட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மற்றப் பெரிய நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின. எதற்காக வெட்டினார்கள்? வெட்டியதால் யாருக்கு என்ன கிடைத்தது? பார்வையாளர் கோபத்தில் நியாயம் எவ்வளவு? வட்டுகள் மறைந்துவரும் இந்நாளில் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா? இவற்றை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாடகைக் கடை நின்ற சட்டம்

அமெரிக்காவில் வீடியோ வாடகைத் தொழில் பிறந்தது திரைப்பட நிறுவனங்களின் விருப்பத்தால் அல்ல. 1977இல் மேக்னடிக் வீடியோ என்ற நிறுவனம் ஃபாக்ஸிடம் உரிமை பெற்று 50 படங்களைக் கேசட்டுகளாக விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்தக் கேசட்டுகளை வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. காரணம், 'முதல் விற்பனை' என்ற சட்டக் கோட்பாடு. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு புத்தக வழக்கில் வகுத்த கொள்கை இது. 1976இன் பதிப்புரிமைச் சட்டம் இதை 109ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஒரு பிரதியை முறையாக விற்றாகிவிட்டால், அந்தப் பிரதியின் மீது விற்றவருக்குப் பிடி இல்லை. வாங்கியவர் அதை விற்கலாம், கொடுக்கலாம், வாடகைக்கும் விடலாம்.

இதை மாற்ற 1980களில் திரைத்துறை நாடாளுமன்றத்தில் முயன்று தோற்றது. இசைத்தட்டுகளுக்கு 1984லும் கணினி மென்பொருளுக்கு 1990லும் வாடகைத் தடை வந்தது. திரைப்படத்துக்கு மட்டும் வரவில்லை. ஒரு வட்டை நூறு பேர் வாடகைக்கு எடுத்தாலும், தயாரித்தவருக்கு முதல் விற்பனையின் காசு மட்டும்தான். அந்த நூறு வாடகையிலும் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வாடகைப் பதிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 1992இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த வழிகாட்டு ஆணை, வாடகைக்கு விடும் உரிமையைப் படைப்பாளருக்கும் தயாரிப்பாளருக்கும் தனியுரிமையாகவே கொடுத்தது. அங்கே வாடகைக்கென்று தனி வட்டு, தனி விலை என்பதற்குச் சட்டத்தின் ஆதரவு இருந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கோ ஒப்பந்தமும் விலையும்தான் கருவிகள்.

விலை செய்த வேலை

கேசட் காலத்தில் திரைப்பட நிறுவனத்தார் விலையைக் கருவியாக்கினார்கள். புதுப் படக் கேசட்டின் விலை பெரும்பாலும் 80 டாலரைத் தாண்டும். குடும்பங்கள் வாங்காது, கடைக்காரர்தான் வாங்குவார். வாடகையில் வரப்போகும் வருமானத்தின் ஒரு பகுதியை அந்த விலையிலேயே முன்கூட்டி வசூலித்துக்கொண்டார்கள். 1998இல் பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடை நிறுவனம் வேறொரு ஏற்பாட்டுக்கு வந்தது. கேசட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, வாடகை வருமானத்தில் பங்கு கொடுத்தது. இரு தரப்புக்கும் அது லாபமாக இருந்தது.

1997இல் அமெரிக்காவுக்கு வந்த டிவிடி இந்தக் கணக்கைக் கலைத்தது. வார்னர் ஹோம் வீடியோவின் தலைவர் வாரன் லீபர்ஃபார்ப், டிவிடியை 20 டாலர் அளவில் குடும்பங்களுக்கே விற்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். மக்கள் வாங்கிக் குவித்தார்கள். திரையரங்கில் சுமாராக ஓடிய படமும் டிவிடியில் பணம் பார்த்தது. அதே 20 டாலர் வட்டை வாடகைக் கடைக்காரரும் வாங்கலாம் என்பது நிறுவனங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. 1998இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் சிவப்பு உறையில் அஞ்சல் வழியாக வாடகை வட்டுகளை அனுப்பியது. 2002இல் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் தொடங்கிய ரெட்பாக்ஸ் தானியங்கிப் பெட்டிகள் ஓர் இரவுக்கு ஒரு டாலர் மட்டுமே கேட்டன.

2008 வாக்கில் வட்டு விற்பனை இறங்கத் தொடங்கியதும் நிறுவனங்களின் பொறுமை தீர்ந்தது. புதுப் படங்கள் ரெட்பாக்ஸ் கைக்குப் போகாதபடி யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் ஆகிய மூன்றும் கட்டுப்பாடு விதித்தன. ரெட்பாக்ஸ் மூன்றின் மீதும் வழக்குத் தொடுத்தது. மொத்த விற்பனையாளர் வட்டு தராதபோது தன் ஆட்களைச் சாதாரணக் கடைகளுக்கு அனுப்பி வட்டுகளை வாங்கியது. 2010இல் சமரசம் வந்தது. விற்பனைக்கு வந்த 28 நாள் கழித்தே வாடகைக்கு விடுவதென்று அந்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸும் ரெட்பாக்ஸும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2012இல் வார்னர் அந்த 28 நாளை 56 ஆக்க முனைந்தது.

தாமதம் ஒரு கருவி என்றால் வெட்டு அதன் இரட்டை. தாமதம் பொறுமையைச் சோதித்தது, வெட்டு பொருளையே குறைத்தது. வாடகை நிறுவனங்களை இரண்டுக்கும் யாரும் சட்டத்தால் கட்டிவைக்கவில்லை. வட்டு மலிவாகக் கிடைத்ததால் அவை தாமாகவே ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தில் பார்வையாளர் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை.

வெட்டப்பட்டவை எவை?

முதலில் போனவை கூடுதல் அம்சங்கள்: இயக்குநர் வர்ணனை, படப்பிடிப்புக் காட்சிகள், நீக்கப்பட்ட காட்சிகள். படம் பார்த்தால் போதும், இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இந்த அம்சங்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் படத்தோடு கூடவே பேசி விளக்கும் தனி ஒலித்தடத்தைச் சேர்த்தது. வர்ணனைத் தடம் பிறந்தது அப்படித்தான். இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன், மூத்த இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸின் வர்ணனையிலிருந்து தான் கற்றதைப் பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். திரைப்படக் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட முடியாத இளைஞனுக்கு வாடகை வட்டே வகுப்பறையாக இருந்தது. வாங்க வசதியில்லாதவன்தான் வாடகைக்கு எடுக்கிறான். அந்த வகுப்பறையை அவனிடமிருந்துதான் முதலில் பறித்தார்கள்.

சில வட்டுகளில் கூடுதல் அம்சங்களின் பெயர்கள் பட்டியலில் அப்படியே இருக்கும். ஒன்றை அழுத்தினால், இது வாடகை வட்டு, இவற்றைக் காண விலைக்கு வாங்குங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் வரும். பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, இந்தப் பதார்த்தம் உனக்கில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. மறுபக்கம், புதுப் படங்களின் முன்னோட்டங்கள் வட்டின் தொடக்கத்தில் வரிசை கட்டி நிற்கும். ரிமோட்டில் தாண்டிப் போக விடாதபடி அவற்றைப் பூட்டியும் வைப்பார்கள். பார்வையாளர் விரும்பியதை எடுத்துவிட்டு, விரும்பாததைத் திணித்தார்கள்.

அடுத்து ஒலியில் கைவைத்தார்கள். ப்ளூ-ரேயின் பெருமைகளில் ஒன்று, பதிவுக்கூடத்தின் ஒலியைச் சிறிதும் இழக்காமல் தரும் ஒலித்தடம். சில வாடகை ப்ளூ-ரேக்களில் அதற்குப் பதிலாகச் சுருக்கப்பட்ட, தரம் குறைந்த தடமே இருந்தது. இதைக் கூடுதல் அம்சத்தில் சேர்க்க முடியாது. ஒலி படத்தின் பாதி.

எல்லாவற்றிலும் கொடியது எழுத்து வசனம் இல்லாமல் போனது. 2009 நவம்பரில் வெளியான 'அப்' என்ற பிக்ஸார் படத்தின் வாடகை டிவிடியில் காது கேளாதோருக்கான வசன எழுத்துகள் இல்லை. அவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கு எழுத்து இல்லாத வட்டு குறைப்பதிப்பு அல்ல, ஊமைப் படம். வேண்டுமென்று நீக்கினார்களா, கவனக்குறைவா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு படத்துக்கு இரண்டு பதிப்புகள் தயாராகும்போது, மலிவான பதிப்பின் மீது கவனமும் மலிவாகிவிடுகிறது. அதன் சுமை, எதிர்த்துக் கேட்கும் பலம் குறைந்தவர் தலையில் விழுகிறது.

வாடகைக் காலம் முடிந்த வட்டுகளின் கதை தனி. கடைகள் அவற்றைப் பழைய வட்டாகக் குறைந்த விலைக்கு விற்றுவிடும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி, முழு வட்டு என்று நம்பி வாங்கும் ஒருவரிடம் போய்ச் சேரும். 'ஸ்லம்டாக்' வட்டில் ஒரு நாள் நடந்த தவறு, பழைய வட்டுச் சந்தையில் நாள்தோறும் நடந்தது.

கூரையில்லாத ரயில் பெட்டி

பொருளை வேண்டுமென்றே குறைத்து விற்பது திரைத்துறையின் கண்டுபிடிப்பு அல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் 1849லேயே இதைக் கவனித்து எழுதினார். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போட நிறுவனத்துக்குப் பெரிய செலவு ஆகாது. ஆனாலும் போடுவதில்லை. ஏழையை வருத்துவது அவர்கள் நோக்கமில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம். அடி படுவது என்னவோ ஏழைதான்.

1996இல் டெனெக்கெர், மெக்காஃபி என்ற பொருளியலாளர்கள் இத்தகைய பொருள்களுக்குச் 'சேதமாக்கப்பட்ட பொருள்கள்' என்றே பெயரிட்டு ஆராய்ந்தார்கள். ஐபிஎம்மின் அச்சுப்பொறி ஒன்று அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் இயந்திரத்தில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்து, ஐந்து பக்க இயந்திரமாக மலிவு விலையில் விற்றார்கள். மலிவுப் பொருளைத் தயாரிக்கக் கூடுதல் வேலை தேவைப்பட்டது. வாடகை வட்டும் அப்படியே. வர்ணனை ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நீக்கப்பட்ட காட்சிகள் தொகுத்தாகிவிட்டன. அவற்றை விட்டுவிட்டு இன்னொரு வட்டை வடிவமைப்பது இரட்டை வேலை.

இந்த ஆய்வு ஒருதலையானது அல்ல. சில நேரங்களில் சேதமாக்கப்பட்ட பொருளால் எல்லோருக்குமே நன்மை வரலாம் என்பதையும் அது காட்டியது. மலிவுப் பதிப்பு இல்லாவிட்டால் எதுவுமே கிடைக்காத ஒருவருக்கு, குறைந்ததாவது குறைந்த விலையில் கிடைக்கிறது. அந்த நன்மை அவர் கைக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது.

நிறுவனங்களின் தரப்பு

அவர்கள் வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். படம் எடுக்கக் கோடிக்கணக்கில் முதல் போடுகிறோம், ஒரு டாலர் வாடகை அந்த முதலைத் திருப்பித் தராது என்றார்கள். வாங்குபவருக்கு ஒரு தனிச் சிறப்பு இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். வாடகை நிறுவனங்களுக்கு வட்டு மலிவாகக் கிடைத்ததால் அவர்கள் அதிகப் பிரதிகள் வைக்க முடிந்தது, புதுப் படத்துக்கு வரிசையில் காத்திருக்கும் நேரம் குறைந்தது என்றும் சொன்னார்கள். மூன்று வாதங்களிலும் உண்மை இருக்கிறது.

வேறுபட்ட பதிப்புகளை மக்கள் எப்போதும் வெறுத்ததில்லை. 2002 ஆகஸ்டில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்தின் திரையரங்கப் பதிப்பு வட்டாக வந்தது. நவம்பரில் நீட்டிக்கப்பட்ட பதிப்பு நான்கு வட்டுகளில் வந்தது. இரண்டாவது வரப்போகிறது, அதில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ரசிகர்கள் மகிழ்ந்து வாங்கினார்கள், சிலர் இரண்டையும் வாங்கினார்கள். அங்கே ஒன்றில் கூட்டினார்கள், இங்கே ஒன்றிலிருந்து கழித்தார்கள். அங்கே முன்பே சொன்னார்கள், இங்கே வட்டைப் போட்டுப் பார்க்கும்வரை சொல்லவில்லை.

வாடகைப் பதிப்பு வாங்குவோரைப் பெருக்கியதா? வட்டு விற்பனை தொடர்ந்து இறங்கியதே நடந்தது. வர்ணனை கேட்பதற்காக வாடகைக்கு எடுத்தவர், அது இல்லையென்று தெரிந்ததும் அப்படியே கடைக்கு ஓடி 20 டாலர் கொடுக்கவில்லை. அந்த ஆசையையே விட்டுவிட்டார். கூடுதல் அம்சங்களைச் சுவைத்துப் பழகிய ஒருவர்தான் பின்னாளில் பிடித்த படத்தை விலைக்கு வாங்குவார். சுவை பார்க்கும் வாசலை அடைத்துவிட்டு விருந்துக்கு ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

முன்பே ஒரு பாடமும் கிடைத்திருந்தது. 1998இல் சர்க்யூட் சிட்டி கடைகள் டிவ்எக்ஸ் என்ற வட்டைக் கொண்டுவந்தன. நாலரை டாலர் அளவில் வாங்கி 48 மணி நேரம் பார்க்கலாம், பிறகு பார்க்க மறுபடியும் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலான வட்டுகளில் கூடுதல் அம்சங்களும் கிடையாது, அகலத்திரை வடிவமும் கிடையாது. பார்வையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1999 ஜூனில் அது மூடப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள்.

இந்தியச் சட்டம் சொன்னது

'ஸ்லம்டாக்' வட்டுக் குழப்பம் நடந்த இரு வாரத்துக்குள், 2009 ஏப்ரலில், தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் முறையாக விலை கொடுத்து வாங்கிய டிவிடிகளைத் தில்லியில் வாடகைக்கு விட்ட கடையின் மீது வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கு அது. திரைப்படப் பிரதி முன்பே விற்கப்பட்டதாக இருந்தாலும் அதை வாடகைக்கு விடும் உரிமை உரிமையாளருக்கே உண்டு என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது, ஆகவே அனுமதியில்லாமல் வாடகைக்கு விடுவது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். அமெரிக்காவில் குற்றமற்ற அதே செயல் இங்கே குற்றமானது. 2012இன் திருத்தம், லாப நோக்கமற்ற நூலகங்களும் கல்வி நிறுவனங்களும் பிரதிகளை இரவல் தருவது வணிக வாடகை ஆகாது என்று தெளிவுபடுத்தியது.

டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தமிழ்நாட்டில், வாடகைக் கடைகளைச் சட்டத்தைவிட வேகமாகக் காலி செய்தது விலைதான். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. வாடகைக் காசுக்குச் சற்று மேலே கொடுத்தால் வட்டே சொந்தமாகும் என்றபோது, வாடகைக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என்ற பிரிவுக்கே இடமில்லை. விலையை இறக்குவதும் ஒரு விடை என்பதற்கு அது சான்று.

எல்லோரும் வாடகைக்காரர்கள்

பிளாக்பஸ்டர் 2010இல் திவாலானது. நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி வட்டை 2023 செப்டம்பர் 29 அன்று அனுப்பியது. ரெட்பாக்ஸும் 2024இல் திவால் நீதிமன்றத்தில் முடிந்தது. வாடகை வட்டுச் சண்டையில் நின்ற வாடகை நிறுவனங்கள் எதுவும் இன்று வட்டுக் களத்தில் இல்லை. சண்டையின் பொருள் மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓடிடி தளங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் படம் மட்டுமே. இயக்குநர் வர்ணனை அரிது, நீக்கப்பட்ட காட்சிகள் அரிது. விளம்பரத்தோடு ஒரு கட்டணம், விளம்பரமின்றி ஒரு கட்டணம், தெளிவான படத்துக்கு மேலும் ஒரு கட்டணம். துப்புய் கண்ட கூரையில்லாப் பெட்டி இன்று மாதச் சந்தாவாக ஓடுகிறது.

'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் நம் கைக்கு வருவது உரிமம்தான். முதல் விற்பனைக் கோட்பாடு கைக்கு வரும் பிரதிக்குப் பொருந்தும், கோப்புக்குப் பொருந்தாது. இந்த நிலையை உணர்ந்த கலிஃபோர்னியா மாநிலம், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமியற்றியது. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காது கேளாதோரும் தங்கள் உரிமையைப் போராடியே பெற்றார்கள். அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில் 2012இல் உடன்பாட்டுக்கு வந்த நெட்ஃபிளிக்ஸ், 2014க்குள் தன் இணையப் படங்கள் அனைத்துக்கும் வசன எழுத்து தர ஒப்புக்கொண்டது. வாடகை வட்டில் கிடைக்காத நீதி நீதிமன்றத்தில் கிடைத்தது.

முடிவு

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. ஒரு நிறுவனம் ஒரே படத்தைப் பல பதிப்புகளாக, பல விலைகளில் விற்பது தவறல்ல. அதற்கு மூன்று எல்லைகள் வேண்டும். குறைத்திருந்தால் அதை உறையின் முகப்பிலேயே, பணம் கைமாறும் முன்பே சொல்ல வேண்டும். விலை குறைந்ததன் பலன் இடைத்தரகரோடு நின்றுவிடாமல் பார்வையாளருக்கும் வர வேண்டும். வசன எழுத்தும் ஒலித்தரமும் படத்தின் உடல், அவற்றை எந்தப் பதிப்பிலும் வெட்டக் கூடாது. வாடகைப் பதிப்புகள் இந்த மூன்று எல்லைகளையும் மீறின. பார்வையாளரின் கோபம் நியாயமானது.

வாடகைக்கு எடுப்பவரும் பார்வையாளரே. குறைந்த காசு கொடுத்தவரிடம் உண்மையையும் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அடுத்த முறை ஒரு படத்துக்குப் பணம் கட்டும் முன், அது உங்களுக்குச் சொந்தமா, வாடகையா, அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை.